கைகழுவாதவள்

கிருமியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது கொழுந்தன்தான். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், அவன் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த கையோடு சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கப் போனான். "முதல்ல கையைக் கழுவு" என்று ஒரு அதட்டல் போட்டாள். அன்று ஒட்டிய பெயர். ஆஸ்பத்திரி லேபில் கிருமிகளை வளர்த்து, எது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது அவள் வேலை. அந்த வேலையை ஆஸ்பத்திரியிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது.

பிறகு கொழுந்தனுக்கும் கல்யாணமாகி ஓரகத்தி வந்தாள். ஒரு நாள் அவள் பாத்திரம் தேய்க்கிற நாரைத் தூக்கிக் காட்டி, "இதுல எத்தனை கோடி குடியிருக்குன்னு தெரியுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள் கிருமியக்கா. அதோடு சரி. அக்கா வருகிறாள் என்று காதில் விழுந்தாலே இளையவள் வீட்டை அலசித் தள்ளிவிடுவாள். சிரித்த முகமாகத்தான் அலசுவாள். உள்ளே புகைந்துகொண்டிருக்கும்.

இப்போது அந்தக் கொழுந்தனின் வலது கைக்குத்தான் ஆபத்து. பட்டறையில் இரும்புச் சட்டம் ஒன்று நழுவி விழுந்து புறங்கை நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது, புண் ஆறவில்லை. உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட பாக்டீரியா எந்த ஆன்டிபயாடிக்கையும் மதிக்கவில்லை. முதலில் கொடுத்த பழைய காலத்து ஊசி மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்தினார்கள். அடுத்து வந்த விலை உயர்ந்த மருந்துகளுக்கும் அதே கதி. கடைசியில் தீக்காயத்துக்குப் போடும் வெள்ளி கலந்த களிம்பைத் தடவினார்கள். மேலே பார்க்கப் பரவாயில்லை போலிருந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. விஷம் உடம்பில் ஏறுவதற்குள் கையை மணிக்கட்டோடு எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் புதன்கிழமைக்கு நாள் குறித்தார்.

"எல்லாரும் என்னைக் கைகழுவிட்டாங்க, அண்ணி" என்றான் கொழுந்தன். வெல்டருக்கு வலது கை போனால் என்ன மிச்சம் என்பதை அவன் சொல்லவில்லை.

"நான் கழுவச் சொன்னது உன் கையை. உன்னைக் கைகழுவச் சொல்லலை" என்றாள் அவள். உடனே அதட்டலுக்குத் தாவினாள். "வெள்ளிக்கிழமை காலையில களிம்பு போடக் கூடாது. உப்புத் தண்ணியில புண்ணை நல்லா கழுவணும். அப்புறம் நர்ஸ் சோதனைக்குப் பஞ்சுக்குச்சியில தொட்டு எடுப்பாங்க. நானே வந்து வாங்கிக்கிறேன்." கடைசி வாக்கியம் இளையவளைப் பார்த்துச் சொன்னது.

வழக்கமாகக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்த பிறகுதான் மருந்துச் சோதனை. அதற்கு ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும். அவளுக்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை பஞ்சுக்குச்சியை வாங்கி வந்ததும், பிரித்து வளர்க்க ஒரு கண்ணாடித் தட்டில் கொஞ்சம் தடவிவிட்டு, மீதியை நேரடியாக இன்னொரு தட்டில் பூசி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை மேலே வைத்து இன்குபேட்டருக்குள் தள்ளினாள்.

சனிக்கிழமை காலை அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லா வில்லைகளையும் சுற்றிக் கிருமி அடர்ந்து வளர்ந்திருந்தது. ஆனால் அந்தப் பழைய ஊசி மருந்தின் வில்லைக்கு ஒரு பக்கம் மட்டும், யாரோ கடித்துவிட்ட பிஸ்கட் மாதிரி, வெறும் இடம். அங்கே ஒன்றும் வளரவில்லை.

லேப் தலைவருக்குத் திரும்பச்செய் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எதைக் காட்டினாலும் அவர் வாயில் வருவது அதுதான். "ஒரு தட்டு, அதுலயும் பாதி. திரும்பச் செய்" என்றார்.

செய்தாள். பிரித்து வளர்த்த கிருமியை வைத்துச் செய்ததில், ஞாயிறு காலை தட்டு முழுக்க ஒரே காடு. பழைய மருந்தைச் சுற்றியும் காடு.

"நேரடித் தட்டுல ஏதோ கலந்திருக்கு. குப்பையில போடு" என்றார்.

"என்ன கலந்ததுன்னு தெரியாம போட மாட்டேன், சார்."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "அப்ப கண்டுபிடி" என்றார். அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை, காட்டிக்கொள்ள மாட்டார்.

நேராக வார்டுக்குப் போனாள். இவள் தலை தெரிந்ததும் இளையவள் எழுந்து படுக்கை விரிப்பை இழுத்துவிட்டாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், கட்டில் கம்பியைத் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில புண்ணு மேல ஏதாவது போட்டியா?"

"இல்லக்கா. நீங்க சொன்ன மாதிரிதான் கழுவினேன்."

"பொய் சொல்லாதே."

"எனக்கு எதுக்குக்கா பொய்? நான் சுத்தம் இல்லாதவதான், பொய் சொல்றவளுமா ஆயிட்டேனா?"

நாக்கு நுனி வரை வந்த பதிலைக் கிருமியக்கா மென்று விழுங்கினாள். இளையவளின் கை இன்னும் அந்தக் கட்டில் கம்பியையே துடைத்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பளபளத்த கம்பி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பெண் தன்னைக் கண்டு பயப்படுகிறாள். உண்மை இந்தப் பயத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதட்டி அதட்டி அதை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டிருப்பது தான்தான் என்று வெட்கமாக இருந்தது.

அவள் கையிலிருந்த துணியை மெல்ல வாங்கி ஓரமாக வைத்தாள். "இங்க பாரு. உன்னைத் திட்ட வரலை. நீ எதையாவது போட்டிருந்தா, உன் புருஷன் கைக்கு ஒரு வழி இருக்கு. போடலைன்னா எனக்கு வேற வழி தெரியலை. நிஜமாவே தெரியலை."

இளையவள் புருஷனின் கையைப் பார்த்தாள். "கழுவினேன்க்கா. கழுவினதும் புண்ணு பச்சையா, பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு. நீங்க வர்றீங்களே, பார்த்தா நான் சரியா கவனிக்கலைன்னு சொல்லுவீங்களேன்னு... களிம்பை எடுத்து மேல நல்லா பூசி வச்சேன். நர்ஸ் வந்தப்ப மேலாக வழிச்சுவிட்டேன்." அழ ஆரம்பித்தாள். "விருந்தாளி வந்தா வீட்டைக் கூட்டுற மாதிரி நெனச்சுட்டேன்."

கிருமியக்கா அவளை அப்படியே சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் கண்டிராத காட்சி. கட்டிலில் கிடந்த கொழுந்தன், "அண்ணி, கை கழுவினீங்களா?" என்று கேட்டான். "வாயை மூடுடா" என்றாள் அவள்.

களிம்பில் வெள்ளி. பஞ்சுக்குச்சியோடு ஒட்டி வந்த களிம்பு தட்டில் எங்கே இழுபட்டதோ அங்கே மட்டும் பழைய மருந்து வேலை செய்திருக்கிறது. வெள்ளி தனியாகத் தோற்றது, மருந்தும் தனியாகத் தோற்றது. மருந்தை நிறுத்திய பிறகுதான் களிம்பு வந்தது. கொழுந்தன் உடம்பில் இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

அன்றைக்கே நான்கு தட்டுகள் போட்டாள். ஒன்றில் கிருமி மட்டும். ஒன்றில் கிருமியைக் கொல்லப் போதாத அளவு, துளியூண்டு வெள்ளி உப்பு. ஒன்றில் பழைய மருந்து. ஒன்றில் இரண்டும். திங்கள் காலை பார்த்தால், முதல் மூன்றிலும் காடு, நான்காவது துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். திரும்பச்செய் வாயைத் திறக்கும் முன்பே, "திரும்பச் செய்யறேன், சார்" என்றாள். செவ்வாய்க்கிழமையும் அதேதான் வந்தது. இந்த முறை அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு அவளோடு அறுவை மருத்துவர் அறைக்கு வந்தார்.

மருத்துவர் தட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "தட்டும் கையும் ஒண்ணு இல்லையேம்மா."

"இல்லை, சார். ஆனா ரெண்டும் நீங்க இவருக்கு ஏற்கெனவே கொடுத்த மருந்துதான். சேர்த்துக் கொடுக்கலை, அவ்வளவுதான். வெள்ளி கிருமியோட சுவரை இளக்கிவிடுது, அந்த ஓட்டை வழியா மருந்து உள்ள நுழையுதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க."

"ஆமா, நினைக்கத்தான் முடியுது. கையை வெட்டின பிறகு அதுக்கும் வழி இல்லை."

அவர் தட்டுகளை இன்னொரு முறை புரட்டினார். மருந்துக் குழுவைக் கூப்பிட்டுக் கலந்து பேசினார். கொழுந்தனிடமும் அவன் மனைவியிடமும் ஒளிவு மறைவில்லாமல் விளக்கிச் சம்மதம் கேட்டார். கடைசியில், "புண்ணைத் திறந்து ஆழம் வரைக்கும் களிம்பு, கூடவே ஊசி. காய்ச்சல் ஏறினா அன்னைக்கே வெட்டு. சிறுநீரகம் முரண்டு பிடிச்சா ஊசி நிறுத்தம். சரியா?" என்றார்.

"சரி" என்றது இளையவள். எல்லோரையும் முந்திக்கொண்டு, உரக்க.

புதன்கிழமை வெட்டு நடக்கவில்லை. காய்ச்சல், வெட்டும் அளவுக்கு எகிறாமல், இறங்குவதும் லேசாக ஏறுவதுமாகப் போக்குக் காட்டியது. சுண்டுவிரலில் ஏற்கெனவே உயிர் போயிருந்தது, அதை எடுத்தார்கள். அன்று கிருமியக்கா லேபில் அழுதுகொண்டே தட்டுகளை அடுக்கினாள், ஆனால் அடுக்குவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு காய்ச்சல் அடங்கியது. புண்ணின் அடியில் சிவப்பாகப் புதுச்சதை எட்டிப் பார்த்தது.

அடுத்த முறை புண்ணிலிருந்து மாதிரி எடுக்கிற நாளில் இளையவள் வார்டு வாசலிலேயே காத்திருந்தாள். "அக்கா, இன்னைக்கு ஒண்ணுமே பூசலை. எவ்வளவு அசிங்கமா இருக்கோ, அப்படியே எடுத்துக்குங்க."

தட்டில் எதுவும் வளரவில்லை. திரும்பச் செய்ததிலும் வளரவில்லை. "ஒரு கைதான்" என்றார் தலைவர். "அடுத்த வார்டுல இதே கிருமியோட இன்னும் சில பேர் கிடக்காங்க. அவங்க கிருமியையும் போட்டுப் பாரு. எத்தனை பேருக்குப் பலிக்காதுன்னும் தெரியணும்." அவள் அதற்குள் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டிருந்தாள்.

கட்டுப் பிரித்த நாளில் அறுவை மருத்துவர், "எதையாவது இறுக்கிப் பிடிங்க, பார்ப்போம்" என்றார். கொழுந்தன் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் நின்ற அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தான். நான்கு விரல்களும் நடுங்கி நடுங்கி மடங்கின.

"வலிக்குதா, அண்ணி?"

"வலிக்குதுடா" என்றாள். கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை. "விடாதே. இன்னும் இறுக்கிப் பிடி."