நென்னெல்லா யாருக்கு வேண்டும்?

சாப்பாட்டு மேஜையில் ரொட்டிக்கும் சீஸுக்கும் நடுவே ஒரு காரின் ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தும் பெண் நேப்பிள்ஸ் நகரத்திலேயே எர்மெலிண்டா ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அவள் கணவர் சவேரியோ டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் தன் பழைய ஃபியட் 500-ஐச் சந்தில் நிறுத்துவார். திருட்டுக்குப் பயந்து ஸ்டியரிங்கைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வருவார். அதை மேஜையில் வைத்த பிறகுதான் கை கழுவுவார்.

"இதுக்கும் ஒரு தட்டு போடட்டுமா?" என்பாள் எர்மெலிண்டா.

"போடு. உன்னவிடக் கம்மியாத்தான் பேசும்."

வண்டியின் பெயர் நென்னெல்லா. சின்னப்பெண் என்று அர்த்தம். சின்னப்பெண்ணுக்கு வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. வெளிர்நீல நிறம். வலப்பக்கக் கதவு மட்டும் கொஞ்சம் வேறு நீலம், ஆனால் அந்தப் பேச்சை சவேரியோ முன்னால் எடுக்கக் கூடாது. கல்யாணத்தன்று தேவாலயத்திலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். மகள் பிறப்பதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதில்தான். பாதி வழியில் நின்றுபோய், வலியோடு இறங்கி எர்மெலிண்டாவே தள்ளியதும் அதைத்தான். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வசந்தத்தில் பக்கத்துத் தெருக்களில் இதே மாதிரி வண்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. நாலு தடியன்கள் சேர்ந்தால் அலேக்காகத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடிய வண்டி. சவேரியோவுக்குத் தூக்கம் போனது. சுவரில் பழைய காலத்தில் கழுதை கட்டிய இரும்பு வளையம் ஒன்று இருந்தது. கப்பலுக்குப் போடுகிற மாதிரி ஒரு சங்கிலி வாங்கி, நென்னெல்லாவின் அச்சை அந்த வளையத்தோடு சேர்த்துப் பூட்டினார். சந்தில் யாரும் ஹேண்ட்பிரேக் போடுவதில்லை, இடைஞ்சலாக இருந்தால் அடுத்தவர் தள்ளிவிட்டுப் போகலாம் என்பதுதான் அங்கே எழுதாத சட்டம். நென்னெல்லாவோ மலையாக நின்றது. சந்துக்காரர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். சவேரியோவுக்குத் திட்டு காதில் ஏறவில்லை.

ஆகஸ்ட் வந்தது. ரோக்கோ புனிதரின் திருவிழா. அவர் சிலையைச் சப்பரத்தில் ஏற்றி, வெள்ளை அங்கி போட்ட ஆண்கள் தோளில் சுமந்து சந்து சந்தாகப் போவார்கள். முன்வரிசை இடது தோள் சவேரியோவுடையது, அவர் அப்பாவுக்கு அப்புறம் அவருக்கு வந்தது. பங்குச்சாமியார் லிபோரியோ, எல்லாரும் வண்டியை எடுத்துவிடுங்கள் என்று பூசையிலேயே சொல்லியிருந்தார். சவேரியோ அசையவில்லை. எர்மெலிண்டாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சப்பரத்தை அளந்தார், சந்தை அளந்தார்.

"தாராளமாப் போகும்," என்றார்.

சப்பரத்தை அளந்தவர், அதற்கு வெளிப்பக்கம் நின்று சுமக்கப்போகிறவர்களின் தொந்தியை அளக்கவில்லை. அதில் அவர் தொந்தியும் ஒன்று.

அடுத்த பிரச்சினை பூட்டின் சாவி. அங்கியில் பை கிடையாது.

"என்கிட்ட குடுத்துட்டுப் போ," என்றாள் எர்மெலிண்டா.

"உங்கிட்டயா? எவனாவது வந்து அக்கான்னு கூப்பிட்டா எடுத்து நீட்டிடுவ."

சாவியை அவர் எங்கே வைத்தார் என்பது சப்பரம் சந்துக்குள் நுழையும்வரை அவளுக்குத் தெரியாது. பால்கனியில் கல்யாணப் பட்டு விரிப்பைத் தொங்கவிட்டு, ரோஜா இதழ்க் கூடையோடு நின்றிருந்தாள். பேண்டு வாத்தியம் முன்னால் வந்தது. புனிதர் வந்தார், மேலெல்லாம் பக்தர்கள் மாட்டிய தங்கச் சங்கிலி. அவர் காலடியில் வாயில் ரொட்டியைக் கவ்விய அவருடைய நாயின் சிலையும் வந்தது. வந்து, நென்னெல்லாவுக்கு முன்னால் எல்லாம் நின்றது. இந்தப் பக்கம் தோள்கள் சுவரில் உரசின, அந்தப் பக்கம் தொந்திகள் வண்டியில் முட்டின. முக்கிப் பார்த்தார்கள். புனிதர் லேசாக ஆடினார். கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"சவேரியோ, சாவி எங்கப்பா?" என்றார் லிபோரியோ சாமியார்.

சவேரியோ தோளில் பாரத்தோடு தரையைப் பார்த்தார். "நாய் கழுத்துல."

எல்லார் தலையும் மேலே திரும்பியது. ரோக்கோவின் நாய் கழுத்தில், சிவப்பு ரிப்பனில், சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"காவல் காக்கறது நாயோட வேலைதானே சாமி. அதுவும் புனிதரோட நாய்," என்றார் சவேரியோ மெல்ல.

சாமியார் கையை நீட்டினார். "சாமி, கைய எடுங்க," என்று ஒரு கிழவி அதட்டினாள். புனிதருக்குச் சாத்தியதை அவர் திரும்பி மாடத்தில் ஏறும்வரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் தெய்வ குத்தம். சாமியார் கையை இழுத்துக்கொண்டார். சரி, வந்த வழியே திரும்பலாம் என்றால் அதுவும் ஆகாது. எப்போதோ ஒரு தரம் புனிதரைப் பின்னால் நடக்க விட்டதற்கு அந்த வருஷம் முழுக்கச் சந்தில் ஒருத்தருக்கும் லாட்டரி விழவில்லையாம். ஆக, புனிதர் போக வண்டி நகர வேண்டும். வண்டி நகர சாவி வேண்டும். சாவி வேண்டுமென்றால் புனிதர் போய்ச் சேர வேண்டும். எர்மெலிண்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பட்டு விரிப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் கூட்டத்துக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மனெல்லா. மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. அவன் என்ன தொழில் செய்கிறான் என்பது சந்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

"நான் வேணா பாக்கட்டுமா?" என்றான், பக்கத்து வீட்டுக் குழாயைப் பார்க்கிறவன் மாதிரி.

சாமியார், காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களைப் பார்த்தார். "பிள்ளைகளா, புனிதரோட முகத்தப் பாருங்க. எவ்வளவு சாந்தம்." இரண்டு பேரும் பக்தியோடு அண்ணாந்தார்கள்.

"அக்கா, ஒரு ஹேர்ப்பின் கெடைக்குமா? அப்படியே ஸ்டியரிங்கும்," என்று மனெல்லா மேலே பார்த்துக் குரல் கொடுத்தான்.

எர்மெலிண்டா காய்கறி வாங்கும் கூடையைக் கயிற்றில் கட்டி, ஸ்டியரிங்கையும் தலையிலிருந்து உருவிய பின்னையும் வைத்து இறக்கினாள். மனெல்லா குனிந்தான், நிமிர்ந்தான். சங்கிலி தரையில் விழுந்தது. பாதி அருள்நிறை மரியே ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டியரிங் மாட்டி, வண்டிச் சாவி இல்லாமலே ஒயரை இணைத்து, நென்னெல்லாவைக் கிளப்பிவிட்டான்.

வண்டி சந்து முனையில் சதுக்கத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. சவேரியோ தோளிலோ புனிதர். விட்டுவிட்டு ஓடினால் புனிதர் சாய்ந்துவிடுவார். புருஷன் முகத்தைப் பார்த்தபோது எர்மெலிண்டாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. கல்யாணத்தன்றுகூட அந்த மனிதர் அப்படி வெளிறி அவள் பார்த்ததில்லை.

சாயங்காலம் புனிதர் மாடம் ஏறியதும் அங்கியோடு சவேரியோ சதுக்கத்துக்கு ஓடினார். எர்மெலிண்டா பின்னாலேயே ஓடினாள். நென்னெல்லா அங்கேதான் நின்றது. மனெல்லா அதன்மேல் சாய்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தான். சவேரியோ வண்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். மூச்சு சீரானதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அந்தப் பூட்ட அவ்வளவு சுளுவாத் தொறந்துட்டியே. அப்ப இத்தன நாளா ஏன் எடுக்கல?"

"விடுங்கண்ணே."

"சொல்லு. என்மேல உள்ள மரியாதையா?"

மனெல்லா விதையைத் துப்பினான். "அண்ணே, வருத்தப்படாதீங்க. கதவு வேற வண்டியோடது. கியர்பாக்ஸும் மாத்தினது. அடித்தகடு துரு. உதிரிக்குக்கூட இத எவனும் வாங்கமாட்டான். நீங்க சும்மா தொறந்து போட்டுட்டுத் தூங்கலாம்."

நிம்மதியாகத் தூங்கச் சொன்ன வார்த்தைதான். சவேரியோவை அது படுக்கையில் தள்ளியது. சங்கிலியைத் தூக்கி எறிந்தார். ஸ்டியரிங்கை வண்டியிலேயே விட்டார். வண்டிச் சாவியையும் சொருகியபடி விட்டார். தினமும் காலையில் பால்கனிக்கு வந்து எட்டிப்பார்ப்பார். வண்டி இருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் யாரோ அதன்மேல் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு அவர் பாஸ்தாவைத் தொடவில்லை.

"ஒருத்தனுக்குமா வேணாம், எர்மெலி?" என்று கேட்டார்.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு தட்டு நிறையக் கத்தரிக்காயும் சீஸும் அடுக்கிச் சுட்டு எடுத்துக்கொண்டு மனெல்லா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நீ அந்த வண்டியத் திருடணும். ஒரே ஒரு நாளைக்கு."

"அக்கா, என்ன வெளையாடறீங்களா? அத ஓட்டிட்டுப் போறத எவனாவது பாத்தா தொழில்ல என் மானம் என்ன ஆகும்?"

"அந்த மனுஷன் சாப்பிட மாட்டேங்கறான்டா."

மனெல்லா தட்டின் மூடியைத் தூக்கி வாசனை பிடித்தான். பெருமூச்சு விட்டான். "ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல எடுக்கறேன். மறுநாள் சதுக்கத்துல கெடக்கும். வெளிய சொல்லிடாதீங்க."

ஞாயிறு பூசை முடிந்து வந்த சவேரியோ காலியிடத்தைப் பார்த்தார். "களவாணிப் பயலுவ! என் வண்டியத் தூக்கிட்டானுங்க!" என்று சந்து அதிரக் கத்தினார். குரலில் சோகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாரும் இறங்கி வந்து துக்கம் விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொன்னார், வடக்கேயிருந்து வந்த கும்பலாம், ரொம்ப நாளாக நோட்டம் விட்டிருக்கிறார்களாம். மத்தியானம் இரண்டு தட்டு பாஸ்தா உள்ளே போனது. தூங்கும்போது குறட்டையும் வந்தது. எர்மெலிண்டா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் சதுக்கத்தில் வண்டி இல்லை. மத்தியானம்வரை பொறுத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மனெல்லா வீட்டுக்குப் போனாள். அவன் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா வண்டி?"

அவன் நிமிரவில்லை. "துறைமுகத்துப் பக்கம் விட்டுட்டு ஒரு காப்பி குடிக்கப் போனேன் அக்கா. வந்து பாத்தா இல்ல."

"இல்லன்னா?"

"திருடிட்டானுங்க. என்கிட்டயே. இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவனுக்கு அவன் மானம். எர்மெலிண்டா திரும்பி நடந்தாள். அந்தத் துருப்பிடித்த டப்பாவைத் தள்ளிக்கொண்டு போன ராத்திரி நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வலியிலும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களே, அதுவும் வந்தது. அதை இத்தனை வருஷமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. நடுச்சந்தில், முந்தின நாள் புருஷன் கத்திய அதே இடத்தில் நின்று, வாய்விட்டு அழுதாள்.

"என் வண்டிய எடுத்துட்டானுங்க! அவனுங்க கை வெளங்காமப் போக!"

ஜன்னல்கள் திறந்தன. சவேரியோ செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடி வந்தார். ஒரு நாள் தாமதமாக அழுகிறாளே என்று அவர் யோசிக்கவில்லை. அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார்.

"அழாதடி, எர்மெலி. அவன்மேல என்ன தப்பு, சொல்லு. அப்படிப்பட்ட வண்டிய வெளிய விட்டா எவன்தான் சும்மா இருப்பான்?"

அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.