கோவம் முந்நூறு

விஜயலட்சுமி வீட்டு விஷயத்தை வாசற்படி தாண்டவிடாதவர். வங்காளிகள் நடுவே சால்ட் லேக்கில் இருபது வருடம் குடியிருந்தும், சமையலறைக் குழாய் ஒழுகுவதைக்கூட எதிர் ஃபிளாட் போஸ் வீட்டு அம்மாளிடம் சொன்னதில்லை. மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கணவரும் அங்கேதான். விஜயலட்சுமி டல்ஹௌசியில் மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, சூப்பரின்டெண்டென்டாக ஓய்வு பெற்றவர். மூன்று பேருடைய சர்வீஸ் புத்தகத்திலும் ஒரு மெமோ கிடையாது. மெமோ வாங்காத வீடு என்பதுதான் அவருக்குக் குலப்பெருமை. மற்றவர்கள் நகையையும் நிலத்தையும் சொல்லிக்கொள்ளட்டும்.

அதனால் 2004 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, மருமகள் ரஞ்சனா நாலு மணிக்கே செக்டர் ஃபைவ் ஆபீஸிலிருந்து திரும்பி, கைப்பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தபோது, விஜயலட்சுமி காபி போடப் போகவில்லை. எதிரே வந்து நின்றார்.

"என்ன காகிதம் அது?"

ரஞ்சனா நீட்டினாள். டைப் அடித்த ஒரு பக்கம். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, அவள் பெயர் தயாராக அச்சாகியிருந்தது. அனிந்திய தத்தா என்பவர் எழுதிய மெனு நிரலை அவருடைய அனுமதியில்லாமல் எடுத்துப் பயன்படுத்தியதற்கு மனமார வருந்துகிறேன் என்று இருந்தது.

விஜயலட்சுமி இரண்டு முறை படித்தார்.

"நீ எடுத்தியா?"

"இல்லம்மா."

"சரி. அந்தக் கேள்வி முடிஞ்சுது. இப்ப நடந்ததைச் சொல்லு."

நடந்தது இதுதான். ரஞ்சனாவின் கம்பெனி சின்னது, மொத்தம் ஒன்பது பேர். அவள் ஒரு சுற்றுலா ஏஜென்டுக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள். மவுஸை 'டார்ஜிலிங்' மேலே கொண்டுபோனால் அதன் கீழே பட்டியல் திறக்கும். மவுஸை எடுத்தால் மூடிக்கொள்ளும். அந்த ஏஜென்ட் சென்ற வாரம் இன்னொரு டிராவல்ஸின் சைட்டில் அச்சாக அதே மெனுவைப் பார்த்துவிட்டான். விசாரித்தால், அந்த சைட்டைச் செய்த தத்தா முந்திக்கொண்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டான்: மெனு தன்னுடையது, ரஞ்சனாதான் திருடியவள். பூஜை விடுமுறை டூர் புக்கிங் தொடங்கும் நேரம். வம்பு வேண்டாம், ஒரு கையெழுத்தோடு முடித்துவிடலாம் என்று முதலாளி முகர்ஜி நினைத்தார்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவன் வரான். அதுக்குள்ள கையெழுத்துப் போடணும். இல்லேன்னா திங்கட்கிழமை வர வேண்டாம்னு சொல்லிட்டார்."

"தேதியைக் காட்ட வேண்டியதுதானே? நீ எழுதினது எப்ப, அவன் எழுதினது எப்ப?"

"அவனும் தேதி காட்டறான்மா. கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னாடி திருப்பி வெச்சு ஃபைலை சேவ் பண்ணா எந்தத் தேதி வேணும்னாலும் வரும்."

"உன் பேர் போடலியா அதுல?"

"போட்டிருந்தேன். கமென்ட்ல பேர், தேதி, எதுக்கு எழுதினேன் எல்லாம் இருந்துச்சு. சைட்டை ஏத்தறப்போ எடுத்துட்டேன். ஜனங்க போன் லைன்ல மோடம் போட்டுப் பாக்கறாங்க. பக்கம் நாற்பது கிலோபைட்டைத் தாண்டினா திறக்கறதுக்குள்ள போயிடுவாங்க. அதனால தேவையில்லாத ஒவ்வொரு வரியையும் சுரண்டி எடுப்போம்."

"உன் பேர் தேவையில்லாத வரியா?"

ரஞ்சனா கைப்பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

மருமகள் இந்த வேலையை எப்படிக் கற்றாள் என்பது விஜயலட்சுமிக்குத் தெரியும், கண்ணெதிரே நடந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய் அட்டை கிழிந்த கம்ப்யூட்டர் புத்தகங்களைச் சுமந்து வருவாள். பத்திரிகையோடு வரும் சிடிக்காகவே பத்திரிகை வாங்குவாள். சைபர் கபேயில் ஒரு மணி நேரம் எடுத்து, நல்ல சைட்டுகளைத் திறந்து, ரைட் கிளிக் செய்து, 'வியூ சோர்ஸ்' கொடுத்து, உள்ளே எழுதியிருப்பதை ஃபிளாப்பியில் சேமித்து வருவாள். பார்ப்பது திருட்டு இல்லையா என்று விஜயலட்சுமி அப்போதே கேட்டிருக்கிறார். "எல்லாரும் பாக்கலாம்மா, மூடி வைக்கிற வசதியே கிடையாது. படிப்பேன், புரிஞ்சுக்குவேன், ஃபைலை மூடிடுவேன். அப்புறம் வெறும் நோட்பேடைத் திறந்து என் வழியில எழுதுவேன். மூடாம எழுதினாத்தான் திருட்டு" என்றாள். அந்தப் பதில் விஜயலட்சுமிக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாகச் சொல்லவில்லை.

இப்போது அவர் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைல் காணோம் என்று சாதித்த எத்தனையோ குமாஸ்தாக்களின் முகத்தைப் படித்துப் பழகிய கண்கள்.

"உன்கிட்ட அத்தாட்சி இருக்கு" என்றார். "இருந்தும் முகர்ஜிகிட்ட காட்டல. ஏன்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"கொண்டா."

ரஞ்சனா எழுந்து, அலமாரியிலிருந்து இரண்டு கட்டுக் காகிதங்களை எடுத்து வந்தாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று தத்தாவின் சைட்டிலிருந்து நேற்று அச்செடுத்தது. இரண்டையும் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

விஜயலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளிகளும் ஓடும் அந்தப் பக்கத்தில் அவருக்குப் புரிய ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தார். நாலாவது வரியில் ஆங்கில எழுத்தில் ஒரு வார்த்தை: மாமியார். அதற்கடுத்த வரியில்: மருமகள்.

பக்கத்தைப் புரட்டினார். மாமியார், மாமியார், மருமகள், மாமியார். தத்தாவின் காகிதத்தை எடுத்தார். அங்கேயும் வரிக்கு வரி அதே மாமியார், அதே மருமகள்.

"இது யாரு?" என்றார்.

"அது வந்து... மெனுவுல மேலே ஒரு பொட்டி இருக்கும், கீழே அதுக்குள்ளேர்ந்து வர்ற பொட்டி இருக்கும். மேலே இருக்கறதை இங்கிலீஷ்ல பேரன்ட்னு சொல்லுவாங்க. ஆனா அந்தப் பேரை வைக்கக்கூடாது. பிரவுசருக்கே அந்தப் பேர்ல ஒண்ணு இருக்கு, ஃப்ரேம்னு பக்கத்துக்குள்ள பக்கம் வைப்போம், அதுக்கு வெளியில இருக்கற பக்கத்தை அப்படித்தான் கூப்பிடும். நானும் அதையே வெச்சேன்னா ரெண்டும் மோதிக்கும். டாப், நேம், ஸ்டேட்டஸ், எல்லாத்துலயும் இந்தத் தொல்லை. ஆரம்பத்துல ரெண்டு நாள் இதுல மாட்டிக்கிட்டு அழுதிருக்கேன். அப்புறம்தான் தமிழ்ல பேர் வெச்சா எந்தப் பிரவுசரோடவும் மோதாதுன்னு தோணிச்சு."

"தமிழ்ல அப்பா, பிள்ளைன்னு வைக்கக்கூடாதா?"

ரஞ்சனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "மாமியார் திறந்தா மருமகள் தெரியணும். மாமியார் மூடினா மருமகள் மறையணும். எழுதறப்போ... குழப்பம் இல்லாம இருந்துச்சு."

"எப்ப எழுதினது?"

"கல்யாணமாகி ரெண்டாவது மாசம்."

விஜயலட்சுமி தலையை ஆட்டினார். அந்த இரண்டாவது மாதம் அவருக்கும் ஞாபகம் இருந்தது. விரலை வரிமேல் வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"கோவம் சமம் முந்நூறு. இது என்ன?"

"மவுஸை எடுத்ததும் மெனு உடனே மூடிடக் கூடாது இல்ல? எவ்வளவு நேரம் பொறுக்கணும்ங்கற கணக்கு."

"முந்நூறு என்ன?"

"மில்லி செகண்ட்."

"அப்படின்னா?"

"ஆயிரம் சேர்ந்தா ஒரு செகண்டும்மா."

ஒரு செகண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்ற கணக்கை விஜயலட்சுமி மனதிலேயே போட்டு முடித்தார்.

"முதல்ல நூறுதான் வெச்சிருந்தேன்" என்றாள் ரஞ்சனா, குரல் இறங்கி. "மவுஸ் பட்டியலை எட்டறதுக்குள்ள மூடிடுதுன்னு சொன்னாங்க. போன வருஷம்தான் ஏத்தினேன்."

"பெரிய மனசு" என்றார் விஜயலட்சுமி.

காகிதங்களை ஒழுங்காக அடுக்கி மேஜைமேல் வைத்தார். இதைக் காட்டினால் ரஞ்சனா திருடவில்லை என்று ஆகிவிடும். கூடவே செக்டர் ஃபைவ் முழுக்க இந்த வீட்டு மாமியார் எப்படி என்பதும் தெரிந்துவிடும். காட்டாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. மருமகள் மட்டும் திருடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளாக இருப்பாள். இந்தப் பெண் மாமியாரின் மானத்தைக் காப்பாற்றத் தன் பெயரைக் கொடுக்கத் தயாராக நின்றிருக்கிறது.

"அவன் திருடறப்போ இந்தப் பேரையெல்லாம் மாத்தியிருக்கலாமே?"

"எழுபது இடத்துல வருதும்மா. ஒரு இடம் விட்டுப்போச்சுன்னா மெனு திறக்காது. உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாதவன் கை வைக்க பயப்படுவான்."

"அப்ப சனிக்கிழமை நானும் வரேன்."

"வேண்டாம்மா. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிப்பு சாயங்காலத்துக்குள்ள அடங்கிடும். இந்தக் காகிதம் உன் பேர்ல நிக்கும், உன் புருஷன் ஸ்ரீநாத் பேர்ல நிக்கும், நாளைக்கு உங்க பிள்ளைங்க பேர்ல நிக்கும். போய் முகத்தைக் கழுவு. காபி போடறேன்."

ஹால்டியாவில் வேலை பார்க்கும் ஸ்ரீநாத் அன்று ராத்திரி போன் செய்தபோது இருவருமே ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விஜயலட்சுமி சாம்பல் நிற காஞ்சிப் பட்டு கட்டிக்கொண்டார். பதவி உயர்வுக்கு நேர்முகம் போனபோது கட்டியது. ஆட்டோவில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து வந்தார். மூன்றாம் மாடியில் முகர்ஜியின் அறையில் தத்தா ஏற்கெனவே வந்திருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல சட்டை, சிரித்த முகம். பேச்சு வங்காளியில் நடந்தது.

"மாஷிமா, நீங்க எதுக்கு சிரமப்பட்டு..." என்று முகர்ஜி, பெரியம்மா முறை வைத்து அழைத்தபடி எழுந்தார்.

"என் வீட்டுப் பெண்ணோட பேர் எழுதின காகிதம். சாட்சியா வந்திருக்கேன். இவரை ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தத்தாவின் அச்சுப் பிரதியை அவன் முன்னால் வைத்தார். "இது நீ எழுதினதா, தம்பி?"

"ஆமா மாஷிமா. ஒவ்வொரு வரியும்."

"நாலாவது வரியில இருக்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

தத்தா குனிந்து பார்த்தான். "அது வேரியபிள். வெறும் பேர். ஏ, பி, சின்னு வைக்கற மாதிரி. அர்த்தம் ஒண்ணும் இருக்கணும்னு இல்ல."

"நீயா வெச்ச பேரா?"

"நான்தான் வெச்சேன்."

"அடுத்தது?"

"அதுவும் அப்படித்தான்."

"பன்னிரண்டாவது வரி?"

"சும்மா தோணினது."

"மூணு வார்த்தையும் சும்மா தோணினது" என்றார் விஜயலட்சுமி, டிக்டேஷன் கொடுக்கும் குரலில். முகர்ஜியின் பக்கம் திரும்பினார். "எழுதிக்கங்க. இவருக்குத் தோணின முதல் வார்த்தை மாமியார். உங்க பாஷையில ஷாஷுரி. ரெண்டாவது மருமகள். அதாவது பௌமா. மூணாவது கோவம். உங்க பாஷையில ராக். வங்காளிப் பையன், அர்த்தம் தெரியாம, வரிசை மாறாம, மூணும் தோணியிருக்கு."

முகர்ஜி காகிதத்தை இழுத்துப் பார்த்தார். அவர் உதடு துடித்தது.

"இவங்க தமிழ் புத்தகம் எதுலேர்ந்தாவது..." என்று தத்தா ஆரம்பித்தான்.

"ஒவ்வொரு வரியும் நான் எழுதினதுன்னு இப்பத்தானே சொன்னே?" விஜயலட்சுமி குரலை உயர்த்தவில்லை. "அர்த்தம் நான் சொல்றேன். ஷாஷுரி திறந்தா பௌமா வெளியில வரலாம். ஷாஷுரி மூடினா பௌமா உள்ளே போயிடணும். ஷாஷுரிக்குக் கோபம் வர முந்நூறு மில்லி செகண்ட் ஆகும். அந்த பௌமா இதோ உட்கார்ந்திருக்கா. அந்த ஷாஷுரி நான்."

முகர்ஜிக்கு அடக்க முடியவில்லை. சிரித்தே விட்டார். தடுப்புக்கு அந்தப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். ரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள். விஜயலட்சுமி, சிரிப்பு ஓயும்வரை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல நிதானமாக உட்கார்ந்திருந்தார். தத்தா மட்டும் சிரிக்கவில்லை.

"ரஞ்சனா, ஒரு கேள்வி நீயும் கேளு" என்றார்.

ரஞ்சனா நிமிர்ந்தாள். "அந்த இடத்துல பேரன்ட்னு வெச்சா என்ன ஆகும், மிஸ்டர் தத்தா?"

"ஒண்ணும் ஆகாது. அதுவும் வேலை செய்யும்."

"உங்க சைட் ஃப்ரேம்ல இருக்கு. வெச்சுப் பாருங்க. டூர் பக்கம் எதுவும் வெளி ஃப்ரேமோட பேசாது. எழுதினவனுக்கு அது முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

தத்தா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக, யாரையும் பார்க்காமல் சொன்னான். முகர்ஜி, ரஞ்சனாவின் கையெழுத்துக்காக அடித்து வைத்திருந்த வருத்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க" என்றார் விஜயலட்சுமி. "வாசகம் நல்லா இருக்கு. பேரை மட்டும் மாத்தி டைப் அடிக்கச் சொல்லுங்க. இவர் கையெழுத்துப் போட்டதும் நாங்க கிளம்பறோம்."

இரண்டு பிரதி எடுக்கவைத்து, முதல் பிரதியில் ஒரு எழுத்துப்பிழையைக் காட்டி மறுபடி அடிக்கவைத்து, தத்தாவின் கையெழுத்துக்குக் கீழே தேதியும் போடவைத்துத்தான் எழுந்தார். வாசல்வரை வந்த முகர்ஜி, இனிமேல் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவர் பெயர் ஒரு வரி இருக்கட்டும் என்றார். நாற்பது பைட்டில் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று ரஞ்சனா சொன்னாள். அவள் குரலில் இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த திடம் திரும்பியிருந்தது.

ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். கருணாமயி திருப்பத்தில் ரஞ்சனா மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, இன்னிக்கே அந்தப் பேரையெல்லாம் மாத்திடறேன்."

"எதுக்கு? எழுபது இடம்னே. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா திறக்காதுன்னே. ஓடறதை எதுக்கு நோண்டணும்?"

"அப்ப அந்தக் கோவத்தையாவது ஐந்நூறா ஏத்திடறேனே. இப்பல்லாம் ஐந்நூறு கூட வைக்கறாங்க."

விஜயலட்சுமி கைப்பையைத் திறந்து, தத்தாவின் கடிதம் மடங்காமல் இருக்கிறதா என்று பார்த்து, மூடினார்.

"முந்நூறே இருக்கட்டும்" என்றார். "ஐந்நூறு வெச்சா வீட்டுல யாருக்கும் பயம் இருக்காது."