இரண்டாம் சரணத்தின் நடுவில்

மாலை நான்கு மணி. தீவு இருட்டிக் கிடந்தது. தேவாலயத்தின் பின்னறை ஜன்னல் வழியே இங்கெலின் பார்த்தாள். வாசலில் தொடங்கிய வரிசை படகுத்துறை வரை நீண்டிருந்தது.

பத்தொன்பது வயதில் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றவள். அதிலிருந்து இருபத்திரண்டு டிசம்பர்களாக, நார்வேயின் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் கச்சேரி. இசைத்தட்டு விற்ற காலம் போய், இந்த ஒரு மாதம்தான் அவளுக்கு வருஷம் முழுக்கப் படியளந்தது. கடைசிக் கீர்த்தனையில் அவள் தொடும் ஒரு மேல் ஸ்வரத்துக்காகவே கூட்டம் வந்தது. ஏப்ரலில் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதோடு அந்த ஸ்வரம் போனது. அந்த இடத்தில் இப்போது வெறும் காற்று. யாரிடமும் அவள் சொல்லவில்லை.

ஒத்திகையில் அந்த வரியை முணுமுணுத்துத் தாண்டினாள். தொண்டையைப் பத்திரப்படுத்துகிறாள் என்று பியானோக்காரன் ஹால்வார் நினைத்துக்கொண்டான்.

"என்ன, கை ஐஸா இருக்கு? முதல் மேடை ஏறுற பொண்ணு மாதிரி."

"குளிருது."

"உள்ள ஹீட்டர் ஆளையே வேக வைக்குது. உனக்குக் குளிருதா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கச்சேரி தொடங்கி ஒரு மணி நேரம் தாழ்ந்த ஸ்தாயிப் பாட்டுகள் அவளைக் காப்பாற்றின. ஒவ்வொன்று முடியும்போதும் கடைசிப் பாட்டு நெருங்கி வந்தது.

அந்தக் கீர்த்தனைக்கு எந்த ஊரிலும் ஒரே வழக்கம்தான். மூன்றாம் சரணத்துக்கு முன் பாடகி நிறுத்திக் கையை உயர்த்துவாள். சபை எழுந்து சேர்ந்து பாடும். மேல் ஸ்வரமோ இரண்டாம் சரணத்தின் நடுவில் வருவது. இங்கெலின் மூச்சை இழுத்து ஏறினாள். காற்றுதான் வந்தது. பயத்தில் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

சபை அதையே சைகை என்று எடுத்துக்கொண்டது. பெஞ்சுகள் கிறீச்சிட, முந்நூறு பேர் எழுந்து, அவள் விட்ட இடத்திலிருந்து பாடினார்கள். ஹால்வார் ஒரு கணம் தடுமாறி அவர்களைப் பிடித்துக்கொண்டான். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

யாருக்கும் தெரியவில்லை. புது ஏற்பாட்டை முன்னமே சொல்லியிருக்கலாம் என்று குறைப்பட்டபடி ஹால்வார் பெட்டிகளை வண்டியில் ஏற்றப் போனான். தப்பித்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. நாளை வேறொரு தேவாலயம். அதற்கப்புறம் இன்னும் இருபது.

பின்னறைக் கதவைத் தட்டி, தேவாலய மணியடிக்கும் ஓட்வார் வந்தார். கையில் கைப்பேசி.

"வீட்டுக்காரி படுத்த படுக்கையா கிடக்கா. வருஷம் பூரா உங்க பாட்டுல மேல ஏறுற அந்த ஒரு இடத்துக்குத்தான் காத்திருப்பா. இன்னைக்கு நாங்க கத்துன கத்துல உங்க குரலே கேக்கல. அந்த ஒரு வரி மட்டும் பாடுங்க, இங்கெலின்."

பதிவை அழுத்திக் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். சிவப்புப் புள்ளி மினுங்கியது.

சளி என்று சொல்லலாம். படகுக்கு நேரமாகிறது என்று சொல்லலாம். இரண்டையும் அவர் நம்பிவிடுவார்.

"எனக்கு அது வராது," என்றாள்.

"சளியா?"

"இல்ல. ஆபரேஷன் பண்ணாங்க. போயிடுச்சு. இனிமே வராது."

ஓட்வார் அவளைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார்.

"இது ஓடிட்டே இருக்கு. அழிச்சிடறேன்."

அவர் விரல் திரைக்கு மேல் நின்றது.

"வேணாம். அவங்க கேக்கட்டும்."

"அவ வாய் சும்மா இருக்காது. காலையில தீவு பூரா தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

சொன்னபிறகுதான் பயம் முழுதாக வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஓட்வார் ஒரு நாற்காலியை அவளருகே நகர்த்தினார்.