நார்வேயைப் பார்த்து எரிந்த வயிறு

நார்வே என்ற நாடு உலகப் படத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் எமில்டாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த நாட்டின்மேல் அவளுக்கு இருந்த ஆங்காரம் சொல்லி மாளாது. நாத்தனார் பிலோமினா இருபது வருஷத்துக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்துகொண்டதுதான் காரணம். பிலோமினாவின் புருஷன் ரெக்சன் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். அங்கேயே கரையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு குடியேறிவிட்டான். எமில்டாவின் புருஷன் இனிகோவும் கடலில் போகிறவன்தான். ஆனால் அவன் போவது தோணியில். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்த் திரும்புவான். ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்குக் கப்பல், தம்பிக்குத் தோணி. இது உனக்கே நியாயமா என்று எமில்டா மாதாவிடம் முழங்காலில் நின்று கேட்டிருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பனிமய மாதா திருவிழாவுக்கு பிலோமினா வந்திருந்தாள். கொடியேற்றத்துக்கு மறுநாள் குசினியில் எமில்டா சீலா மீன் அரிந்துகொண்டிருந்தாள். பிலோமினா பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அளக்கத் தொடங்கினாள்.

"அங்கன பள்ளிக்கூடத்துக்கு ஒத்தப் பைசா கெடையாது எமில்டா. புஸ்தகம், லேப்டாப் எல்லாம் அவனே குடுத்துருவான். காலேஜும் அப்படித்தான். ஒரு பிள்ளைக்கு வருசத்துக்குப் பதினஞ்சு லட்சம் போல அரசாங்கம் செலவழிக்குதாம்."

"பதினஞ்சு லட்சமா மயினி?" எமில்டாவின் கத்தி பாதி மீனில் நின்றுவிட்டது.

"பின்ன? இங்கன நாட்டு வருமானத்துல ஆறு சதவீதம் படிப்புக்கு ஒதுக்கணும், ஆறு சதவீதம் ஒதுக்கணும்னு அறுவது வருசமா சொல்லிக்கிட்டே இருக்காங்க. எங்க ஒதுக்குனாங்க? ஆமா, ரெனிட்டா இன்னமும் அந்தக் கவர்மெண்டு ஸ்கூல்லதான் படிக்காளா? பாவம்."

பாவமாம்! யாரைப் பார்த்து யார் சொல்வது? எமில்டாவின் மகள் ரெனிட்டா அப்போது ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் அவள்தான் முதல். டாக்டராக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. பிலோமினாவின் மகளோ தமிழில் ஒரு கர்த்தர் கற்பித்த செபத்தைக்கூட முழுசாகச் சொல்லமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குப் பதினைந்து லட்சம், தன் மகளுக்கு ஒரு பாவம். எமில்டா அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

இனிகோவிடம் சொல்லிப் புலம்பினால் அவன் சிரித்தான். "ஏளா, நார்வேக்கு எதுக்குப் போற? இந்தா, எதுத்தாப்புல கொழும்பு. அங்கனயும் காலேஜ் வரைக்கும் சும்மாதான். இத்தனைக்கும் அந்த அரசாங்கம் படிப்புக்குச் செலவழிக்கிறது நம்மளவிடக் கொறச்சல்னு எங்க ஏஜெண்டு அண்ணாச்சி சொல்லுதாரு. ஒவ்வொரு நாட்டுக்காரனுக்கும் ஒரு வழி."

ஆறுதல் சொல்லிவிட்டதாக அவன் நினைப்பு. கேட்டவளுக்கோ நார்வே போதாதென்று கொழும்பின்மேலும் எரிச்சல் வந்தது. அரசாங்கம் கொடுக்காவிட்டால் போகட்டும், நாம் கொடுப்போம் என்று முடிவு கட்டினாள். இனிகோவின் தோணி புறப்பட்ட மறுவாரமே, நடு ஆகஸ்டில், ரெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் டி.சி. கேட்டு நின்றாள். ஊருக்கு வெளியே, பச்சைப் பஸ்ஸும் கழுத்துப் பட்டையுமாக ஒரு இங்கிலீஷ் பள்ளியைப் பார்த்து வைத்திருந்தாள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்களே, அதுதான்.

தலைமை ஆசிரியர் தேவபிரசாதம் சாயர்புரத்துக்காரர். சாதுவான மனுஷன். ரெனிட்டாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு எமில்டாவிடம் கெஞ்சாத குறையாகப் பேசினார்.

"அம்மா, அவசரப்படாதீங்க. ஆறாம் வகுப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிக்கிற பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்புல ஏழரை சதவீதம் தனியா எடம் இருக்கு. பீஸையும் அரசாங்கமே கட்டிரும். நடுவுல மாத்துனா அது கெடையாதும்மா."

எமில்டா நம்பவில்லை. நம்பாததற்கு அவளிடம் ஒரு காரணமும் இருந்தது. மே மாதம் வந்தால் இந்த ஆசிரியர்கள் ஓட்டுக் கேட்பதுபோல் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளை கேட்பதை அவள் வருஷா வருஷம் பார்க்கிறாள். தலை எண்ணிக்கை குறைந்தால் அவர்களை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதே நாடகம்தான் இதுவும் என்று நினைத்துவிட்டாள்.

"சார், ஒங்க போஸ்ட்டக் காப்பாத்த எம்பிள்ளைதான் கெடச்சாளா?"

அவர் முகம் சுண்டிப்போனது. டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே ரெனிட்டா, கூடப் படிக்கும் இசக்கிசெல்வியின் கையைப் பிடித்தபடி ஜன்னலோரமாக நின்றிருந்தாள். இசக்கிசெல்வி மூன்றாவது தெரு. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. எமில்டா மகளின் கையை வெடுக்கென்று பிரித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த ஒதுக்கீட்டைப் பற்றிப் புருஷனிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைத்துவிடுவார்கள் என்று பயம்.

பிறகு நாலு வருஷமும் வீடு வீடாகவா இருந்தது? கழுத்துச் சங்கிலி போனது, காதில் கிடந்தது போனது. தோணி ஓடாத மாதங்களில் இனிகோ ஹார்பரில் மூட்டை சுமந்தான். பதினொன்றில் நீட் கோச்சிங் என்று பள்ளிக்கூடம் இன்னொரு தொகை கேட்டது, அதையும் கட்டினார்கள். கழுத்துப் பட்டை கட்டிய ரெனிட்டாவை விதவிதமாகப் போட்டோ எடுத்து எமில்டா வாட்ஸ்அப்பில் நார்வேக்கு அனுப்புவாள். பதிலுக்கு பிலோமினா ஒரு கட்டைவிரலை அனுப்புவாள். இவ்வளவு பாடுபட்டதற்கு வெறும் கட்டைவிரலா என்று எமில்டாவுக்கு மறுபடியும் எரியும்.

நீட் மார்க் வந்த அன்றைக்கு எமில்டா முதலில் விசாரித்தது இசக்கி என்ன மார்க் என்றுதான். ரெனிட்டா அவளைவிட நாற்பத்திரண்டு அதிகம். எமில்டா கோயிலுக்கு ஓடி இரண்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். அந்தச் சந்தோஷம் கலந்தாய்வு வரைக்கும்தான் நின்றது. ரெனிட்டாவுக்கு மேலே ஆயிரக்கணக்கான பேர். அரசாங்கக் கல்லூரி இடமெல்லாம் அவள் வரிசை வருவதற்குள் தீர்ந்துபோனது. தனியார் கல்லூரியில் கேட்ட பணத்துக்கு வீட்டை விற்றாலும் காணாது. இசக்கிசெல்விக்கு அந்த ஏழரை சதவீதத்தில், இங்கேயே, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியிலேயே இடம். பீஸ் அரசாங்கம் கட்டுகிறது.

எமில்டாவுக்கு அடிவயிற்றில் தணல் கொட்டியதுபோல் இருந்தது. நார்வேயாவது ஏழு கடல் தாண்டிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டால் தெரியாது. இது மூன்றாவது தெரு. தண்ணீர் பிடிக்கப் போனால் இசக்கியின் அம்மா நிற்கிறாள். ரேஷன் கடைக்குப் போனால் அதே பேச்சு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் இன்னும் அதிகமாக எரிந்தது. தன்மேல் வர வேண்டிய கோபம் முழுவதும் அந்தப் பெண்ணின்மேல் போய் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இசக்கிசெல்வியே வீட்டுக்கு வந்து நின்றாள். கையில் ஒரு மக்ரூன் பெட்டி.

"அத்த, மொதல்ல இங்கனதான் குடுக்கணும்னு வந்தேன்."

எமில்டா கை நீட்டவில்லை. "ஓசி சீட்டுக்கு எதுக்குளா மக்ரூன்? நாப்பத்திரண்டு மார்க் கம்மியா எடுத்துட்டு எம்மவ எடத்துல போய் உக்காரப் போற. இதுல இனிப்பு வேறயா?"

ரெனிட்டா உள்ளேயிருந்து "அம்மா!" என்று கத்திக்கொண்டு வந்தாள். இசக்கி பெட்டியை நீட்டியபடியே நின்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது, ஆனால் அழவில்லை.

"அந்த மார்க்கே ரெனிட்டா இல்லன்னா எனக்கு வந்திருக்காது அத்த. அவ கோச்சிங் நோட்டத்தான் நான் படிச்சேன். ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழம தவறாம பூசை முடிஞ்சதும் கொண்டாந்து தருவா."

பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எமில்டா மகள் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி! எங்கழுத்துல கெடந்ததக் கழட்டிக் கட்டுன காசுளா அது. ஒங்கப்பன் மூட்ட தூக்குன காசு. அதக் கொண்டுபோய் அவகிட்டக் குடுத்தியா? ஒனக்குப் புத்தி கெட்டா போச்சு?"

"அவ மேல எனக்குப் பொறாமையா இருந்துச்சும்மா."

எமில்டாவுக்குப் புரியவில்லை. "பொறாமைன்னா யாராச்சும் நோட்டக் குடுப்பாகளா?"

"தேவபிரசாதம் சார் ஒங்கிட்ட ஏழரை சதவீதம்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. ஜன்னல்கிட்டதான நின்னேன்? இசக்கிக்கும் கேட்டுச்சு. அன்னிக்கே தெரியும், அவளுக்கு ஒரு கதவு தொறந்திருக்கு, எனக்கு இல்லன்னு. ராத்திரியெல்லாம் அவள நெனச்சா எரியும். அவ பரீச்சைல பெயிலாப் போவணும்னு மாதாகிட்ட வேண்டியிருக்கேம்மா. அப்புறம் பதினொண்ணு படிக்கையில ஒன்னையப் பாத்தேன். பிலோமினா அத்தை போட்டோவ வச்சிக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருப்ப. சோறு எறங்காது ஒனக்கு. எனக்குப் பயமாப் போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமையே நோட்டக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" எமில்டா மெல்லக் கேட்டாள். "சார் சொன்னது கேட்டுச்சுன்னு ஏன் சொல்லல?"

"நீ அழுவன்னுதான்."

ரெனிட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு, இசக்கியைச் சமாதானம் செய்யச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். எமில்டா வாசலில் நின்று பார்த்தாள். தெருமுனையில் அந்தப் பெண் நின்றிருந்தாள். ரெனிட்டா போய்த் தோளைத் தொட்டாள். இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதன. கோபித்துக் கூப்பிடலாமா என்று எமில்டா ஒரு நிமிஷம் நினைத்தாள். கூப்பிடவில்லை. தனக்கு இருபது வருஷமாக இறக்கி வைக்க முடியாததைப் பதினேழு வயசில் இவள் எப்படி இறக்கி வைத்தாள்? தான் பெற்ற மகளைப் பார்த்தே எமில்டாவுக்குப் பொறாமையாக இருந்தது.