கோட்டுப் பைக்குள் ஷாமிலா

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த நான்கு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“அப்பா, சீக்கிரம் வாங்க!”

பெட்டிக்குப் பின்னால், வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்த மேசையிலிருந்து வந்தது அந்தக் குரல். ஐந்தாறு வயதுப் பிள்ளையின் குரல். கூடத்தில் அந்த வயதில் யாரும் இல்லை. செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்களுக்கு வாய் பாதியில் ஒட்டிக்கொண்டது. செத்துப்போன றிச்சர்டின் அண்ணன் சூசைரட்ணம் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

றிச்சர்டின் மனைவி பெற்றீசியாவுக்கு அது யாருடைய குரல் என்று தெரியும். மகள் ஷாமிலா. மூளைக்காய்ச்சலில் போய்ப் பதினொரு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியானால் கம்ப்யூட்டர் அப்படித்தான் கூப்பிடும். கூப்பிட வைத்த மனுஷன் இப்போது கோட்டும் டையுமாகப் பெட்டிக்குள் கிடந்தார். அந்தக் குரலுக்கு அவர் ஒரு வாரமும் எழுந்திருக்காமல் இருந்ததில்லை என்பது ஞாபகம் வந்ததும் பெற்றீசியாவும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

றிச்சர்ட் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிளாக்கர். கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்தில் மகளுடைய ஆல்பத்தைப் பூஞ்சணம் தின்னத் தொடங்கியபோது, மிஞ்சிய படங்களையெல்லாம் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பழைய போனில் கிடந்த ஒரேயொரு வீடியோவையும் ஏற்றி, அதிலிருந்து அந்தக் குரலை வெட்டி எடுத்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கம்ப்யூட்டரும் ஒருநாள் படுத்துவிட்டால்? வாராவாரம், அந்தக் குரல் கூப்பிட்டதும், எல்லாவற்றையும் கையளவு கறுப்பு டிஸ்க் ஒன்றில் பிரதி எடுப்பார். எடுத்ததை மேசையில் வைக்கவும் மாட்டார்.

“ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாது பெற்றீசியா. இடி விழுந்தா ரெண்டுமே போயிரும்.”

தலவாக்கலைக் கடைவீதியில் அவரைக் கண்டால், “கிளாக்கர் ஐயா, டிஸ்க் பத்திரமா?” என்று கேலி பண்ணாத ஆளில்லை. முந்தாநாள் வெள்ளிக்கிழமை காலை ஆபீஸுக்குப் புறப்பட்டவர் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார். பிறகு நிமிரவே இல்லை.

குரல் நின்றதும் ‘டக்... டக்’ என்று ஒரு சத்தம் தொடங்கியது. உள்ளேயிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டுகிற மாதிரி. எங்கேயிருந்து வருகிறதென்று புரியாமல் எல்லோரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கடைவீதியில் கம்ப்யூட்டர் திருத்துகிற சுதாகரன்தான் முன்னால் வந்து மேசைத் துணியை விலக்கினான். மரண அறிவித்தல் அச்சடிக்க நேற்றுப் போட்ட கம்ப்யூட்டரை யாரும் அணைத்திருக்கவில்லை. திரை ஒருமுறை நீலமாகி, கறுத்து, செத்தது. தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

“ஹார்ட் டிஸ்க் போயிருச்சுக்கா. இந்தச் சத்தம் வந்தா உள்ள இருக்கிறது கிடைக்காது.”

“ஒண்ணுமேவா?”

“கொழும்புக்கு அனுப்பினாலும் சந்தேகந்தான். அண்ணன் வாராவாரம் எடுப்பாருல்ல, அந்த டிஸ்க் எங்க? அது இருந்தாப் போதும்.”

பெற்றீசியா உள்ளறைக்கு ஓடி அலுமாரியைத் திறந்தாள். கோட்டு மாட்டும் கொளுக்கி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அதை நின்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. டிஸ்க்கை அவர் வைப்பது கோட்டின் உள்பையில். சவத்தைத் தயார் பண்ணுகிற மலர்ச்சாலைக்காரர்கள் உடுப்புக் கேட்டபோது அந்தக் கோட்டைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தவள் அவள்.

திரும்பி வந்தபோது மூடி பாதி இறங்கியிருந்தது.

“மாமா, மூடாதீங்க. ஷாமிலா படமெல்லாம் அவரு கோட்டுக்குள்ள இருக்கு.”

சூசைரட்ணத்தின் முகம் கறுத்தது. “பெட்டிக்குள்ள போனத வெளிய எடுக்கக் கூடாதும்மா. எடுத்தா அத தேடிக்கிட்டு வருவான். ஃபாதரும் ரோட்டுல வந்து நிக்கிறாரு.”

“வரட்டும்.”

“என்னாது?”

“தேடி வரட்டும் மாமா. வந்து கேக்கட்டும்.”

மூடி மறுபடி மேலே போனது. அவள் குனிந்தாள். செபமாலை சுற்றிய கைகள் இரண்டும் சரியாக அந்தப் பையின் மேல் இருந்தன. காலையில் அவை வயிற்றின் மேல் இருந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். தூக்கினாள். ஈர விறகின் கனமும் குளிரும். கோட்டுக்குள் கையை விட்டதும் கம்பளி தட்டுப்பட்டது. ஷாமிலாவின் காலுறை, மலை ஈரம் படாமலிருக்க அதற்குள்தான் அவர் டிஸ்க்கைப் போட்டுவைப்பார். அந்தக் காலுறை கதகதப்பாக இருந்தது. மெழுகுதிரிச் சூடு என்று சொல்லலாம். ஆனால் மெழுகுதிரிகள் எட்ட, தலைமாட்டில் எரிந்தன.

இழுத்தாள், வரவில்லை. செபமாலைச் சிலுவை கம்பளியில் கொளுவியிருந்தது என்று பிறகு சுதாகரன் சொன்னான். அந்த நேரத்தில் அவளுக்கு அவருடைய விரல்தான் தெரிந்தது. அவர் காதோரம் வாயை வைத்தாள்.

“விடுங்க. நீங்க அவள நேர்லயே பாக்கப் போறீங்க. எனக்குப் படமாவது வேணாமா?”

அதற்குப் பிறகு அது சுலபமாக வந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் பனி இறங்கி, குழிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பாட்டு மட்டும் கேட்டது. பெற்றீசியா மூன்று பிடி மண் போட்டாள். அழுகை வரவில்லை, வந்து நின்ற உறவுக்காரர்களுக்கு அது ஒரு குறையாகக்கூட இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பியபோது சுதாகரன் தன் லேப்டாப்பில் டிஸ்க்கைப் பொருத்தி உட்கார்ந்திருந்தான். படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்பாவுடைய மழைக்கோட்டுக்குள் முங்கி, முன்பல் இரண்டும் இல்லாமல் ஷாமிலா சிரித்தாள். அப்போதுதான் பெற்றீசியா வாய்விட்டு அழுதாள். மகளுக்கா, புருஷனுக்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சுதாகரன் அவள் அடங்கும் வரை திரையைப் பார்த்தபடியே இருந்தான். “கடையிலருந்து புது டிஸ்க் கொண்டாந்தேன்க்கா. இன்னொரு காப்பி போட்டுருவமா? ரெண்டு இருந்தா நல்லது.”

“போடுப்பா. ஒண்ணு அவருக்கு.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் வயரை மாட்டினான்.

இருட்டுகிற நேரத்தில் வேலை முடிந்தது. “தாழ்ப்பாளப் போட்டுக்கங்கக்கா, பனி வருது” என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான். சூசைரட்ணம் உள்ளறையில் அசந்து தூங்கிவிட்டார். பெற்றீசியா புது டிஸ்க்கைத் தன் தலையணைக்கடியில் வைத்தாள். பழையதை எடுத்துவந்து, உள்ளே வருகிறவருக்குக் கண்ணில் படுகிற மாதிரி, கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டு அதன் மேல் வைத்தாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போடவில்லை.