வெறும் வண்டி

ஆனைக்கரை ஜீப் ஸ்டாண்டில் ஒரு பழக்கம் உண்டு. பட்டறையிலிருந்து எந்த வண்டி வெளியே வந்தாலும் முதல் ஓட்டத்துக்கு ஸ்டாண்டே அதில் ஏறிக்கொள்ளும். இடமில்லாதவன் பின்னால் தொற்றிக்கொள்வான். மாரியம்மன் கோயில்வரை போய், சிதறுகாய் உடைத்து, "வண்டி நூல் பிடிச்ச மாதிரி போகுதுய்யா" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, வண்டிக்காரன் செலவில் டீ குடித்துக் கலைவார்கள். இதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ராக்கப்பன் தன் ஜீப்பை உயர்த்திக் கட்டியபோதும் அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்டுகளுக்கு உயரமான வண்டி என்றால்தான் மவுசு. அதனால் மலையாளி மெக்கானிக் ஜோபியின் பட்டறையில் பெரிய ஸ்பிரிங் பட்டைகளும் பெரிய டயர்களும் போட்டுக்கொண்டான். மற்ற நாட்களில் பழைய வேலைதான். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவான். இறக்கிவிட்டு வெறும் வண்டியாகக் கீழே வருவான். அப்படி வந்த ஒரு காலையில், இறக்கத்து வளைவில் திரும்பிய ஜீப் நேரே வராமல் வளைந்தபடியே போய்ப் பள்ளத்தில் இறங்கியது. மரத்தில் மோதி நின்றபோது ராக்கப்பன் உயிரோடு இல்லை.

மழை இல்லை. எதிரே வண்டி இல்லை. குடிக்கிற ஆளும் இல்லை. அந்த ரோடு அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அப்புறம் எப்படி? ஊர் வாய் சும்மா இருக்குமா? "வண்டியில ஒரு குத்தமும் இல்ல. அவனாத்தான் பள்ளத்துல விட்டிருக்கான்" என்று துக்கம் கேட்க வந்த இடத்திலேயே கிசுகிசுத்தார்கள். அது அவன் மனைவி ராமலட்சுமியின் காதிலும் விழுந்தது.

மற்றவர்கள் சொன்னதை அவள் தூக்கி எறிந்திருப்பாள். ஆனால் அன்று காலை கேஸ் சிலிண்டர் எடுத்துவர மறந்ததற்காக அவனைப் பிடிபிடியென்று பிடித்து, "எங்கிட்டாவது போய்த் தொலை, நான் நிம்மதியா இருப்பேன்" என்று சொன்னது அவள்தானே. எந்த வீட்டில்தான் இந்தப் பேச்சு இல்லை? ஆனாலும் அவன் பதில் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அவனாக விட்டானா, வண்டியாகப் போனதா? இது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டியைத் தூக்கி, உடைந்ததையெல்லாம் மாற்றி, அதே உயரத்தில் ஜோபி திரும்பக் கட்டிக் கொடுத்தான். இனி ஓட்டப்போவது ராமலட்சுமியின் தம்பி பாண்டீஸ்வரன். வழக்கம்போல ஸ்டாண்டே ஏறியது. வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. அவள் மனசில் மட்டும் வேறு கணக்கு ஓடியது. வண்டி நல்ல வண்டி என்றால், அவனாகத்தான் விட்டிருக்கிறான்.

மறுநாள் காலை அவளும் தோட்டத்துப் பெண்களோடு வேலைக்கு ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கக் கால் வரவில்லை. "என்னைய வீட்லயே விட்டுருடா பாண்டி" என்றாள். மற்றவர்கள் இறங்கினார்கள். அவள் முன் சீட்டில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே பாண்டீஸ்வரன் முகம் மாறியது.

"அக்கா, ஒடிச்ச வீலு திரும்ப நேருக்கு வர மாட்டேங்குது. நானா இழுக்க வேண்டியிருக்கு. ஏறும்போது இப்பிடி இல்லையே!"

ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஜோபி ஜீப்புக்கு அடியில் படுத்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"முன் ஆக்சில் கொஞ்சம் பின்னால சாஞ்சு நிக்கணும் சேச்சி. அப்பத்தான் ஒடிச்ச சக்கரம் தானா நேருக்கு வரும். நான் உசத்திக் கட்டுனதுல அந்தச் சாய்வு போயிருக்கு. பின்னால ஆளு நெறைய இருந்தா, பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், சாய்வும் வந்துரும். வெறும் வண்டின்னா இல்ல. இறக்கத்துல சுத்தமா இல்ல."

"அவருக்கு இது தெரியுமா?"

ஜோபி கைத்துணியைக் கசக்கினான். "சொன்னாரு. வெறும் வண்டி வளைவுல கையை மீறுதுன்னு ரெண்டு தடவை வந்து சொன்னாரு. ஸ்டாண்ட் ஆளுகளை ஏத்திக்கிட்டு ஓட்டிப் பாத்தேன். நேரா போச்சு. உங்களுக்குச் சும்மா தோணுறதுன்னு அனுப்பிட்டேன். அவரு போனப்புறமும் ஆளு வச்சுத்தான் பாத்தேன் சேச்சி. வெறும் வண்டியா ஓட்டிப் பாக்க எனக்குப் புத்தி போகலை."

அவனை அறைய வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. "சரி பண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இரண்டு பக்கமும் விரல் நீள இரும்பு ஆப்பு. அவ்வளவுதான் வைத்தியம். வேலை முடிந்ததும் ஸ்டாண்டு ஆட்கள் வழக்கப்படி ஏற வந்தார்கள்.

"ஒருத்தரும் ஏறக் கூடாது" என்றாள் ராமலட்சுமி. அவள் போட்ட சத்தத்தில் வைத்த காலை எடுத்தார்கள்.

மேலே போய்த் திரும்பி, அந்த வளைவுக்கு வெறும் வண்டியாக இறங்கினார்கள். பாண்டீஸ்வரன் ஸ்டீயரிங்கை ஒடித்துப் பிடியைத் தளர்த்தினான். அது அவன் உள்ளங்கைகளுக்குள் தானாகச் சுழன்று நேருக்கு வந்தது. ஜீப் ரோட்டோடு போனது.

"மாமா ஒண்ணும் பண்ணலக்கா" என்றான். "வண்டிதான்."

அவள் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது உண்மைதான். ஆனால் இத்தனை நாளும் அவள் மனசுக்குள், வாழ்க்கை வெறுத்துப்போய், கையைக் கட்டிக்கொண்டு, அமைதியாகப் போன ஒருவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அப்படிப் போகவில்லை. பயந்திருக்கிறான். வராத சக்கரத்தை இரண்டு கையாலும் இழுத்திருக்கிறான். பிழைக்கத்தான் பார்த்திருக்கிறான். அதை நினைத்ததும் ராமலட்சுமி ரோட்டோரத்தில் உட்கார்ந்து, புருஷனுக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.