கோடு விழாத நீலம்

அச்சகத்தில் அவருக்கு லென்ஸ் என்று பெயர் விழுந்துவிட்டது. கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியை எப்போதும் தொங்கவிட்டிருப்பார். அச்சான துணியை அதை வைத்துப் பார்ப்பார். மனிதர்களைப் பார்க்க அவருக்கு அது தேவைப்படவில்லை. வெறும் கண்ணுக்கே அவர்களுடைய குறைகள் பளிச்சென்று தெரிந்தன.

பட்டனைத் தட்டினால் படம் வந்து விழும் என்று நினைக்கிற கூட்டத்தைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவராக அவர் நியமித்திருந்தது தன் சகலையை, அதாவது மனைவியின் தங்கை வீட்டுக்காரரை. சென்ட் விற்றுக்கொண்டிருந்த மனுஷன். கம்பெனி மூடியதும், மாமியார் பேச்சைத் தட்ட முடியாமல் இவர்தான் தன் அச்சகத்தில் சேர்த்துக்கொண்டார். சேர்ந்த அன்றே, வேலை கொடுக்க வந்த ஒருவரிடம் துணியில் அச்சடிக்கும் இங்க்ஜெட் மெஷினைக் காட்டி, "ஜெராக்ஸோட பெரியண்ணன் சார் இது" என்றார் சகலை. லென்ஸ் அன்றைக்கே அந்த ஆளைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். ஆனாலும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். மரியாதை கொடுத்தே மட்டம் தட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

ஒருநாள் காலையில் நாடகக்குழுவின் இயக்குனரம்மா வந்தார்.

"மேடைக்குப் பின்னாடி தொங்கவிட ஒரு திரை வேணும். படமே வேண்டாம். பொழுது சாயுறப்போ ஒரு நீலம் வருமே, அது மட்டும். மேலேருந்து கீழே வரைக்கும் ஒரே நீலம்."

"படமே இல்லையா? அப்போ சுலபம்தாம்மா," என்று சகலை முந்திக்கொண்டார். "உட்காருங்க, கையோட எடுத்துட்டுப் போயிரலாம்."

லென்ஸ் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். முகமோ காடோ என்றால் பரவாயில்லை, சின்னச் சின்னத் தப்பெல்லாம் அதிலேயே ஒளிந்துகொள்ளும். வெறும் நீலத்தில் எங்கே போய் ஒளிவது? மைத்துளிகள் எல்லாம் ஒரே அளவாக, ஒன்றையொன்று தொட்டபடி உட்கார வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் குறுக்கே கோடு விழும். இதை இந்த ஆளிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று.

கோடு விழுந்தது. நீலம் அழகாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே வெளுப்பாக ஒரு பட்டை வந்தது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. லென்ஸ் மெஷினை நிறுத்தி மை பீய்ச்சும் துளைகளைச் சோதித்தார். ஒன்றுகூட அடைக்கவில்லை. அந்தத் துளைகள் இருக்கும் ஹெட்டைத் துடைத்தார், துணி நகரும் அளவைத் திருத்தினார். மறுபடியும் ஓட்டினால் மறுபடியும் பட்டை.

"மை வாங்கிட்டு வந்தது யாரு?" என்றார், யார் என்று தெரிந்தே.

"நான்தாண்ணே. நீங்க சொன்ன அதே மை."

"டப்பா அதேதான். உள்ளே என்ன இருக்குன்னு மோந்து பார்த்திருப்பீங்களே, பழைய தொழில் ஞாபகத்துல."

இயக்குனரம்மா சிரித்துவிட்டார். சகலையும் சிரித்தார். இந்த ஆளுக்கு உறைக்கவும் உறைக்காது என்று லென்ஸுக்கு இன்னும் எரிச்சல். மையை மாற்றினார். பட்டை மாறவில்லை.

சகலை மெஷின் ஓரமாக ஸ்டூல் போட்டு, சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை ஈரத்தில் மை காயத் தாமதமாகிறது என்று லென்ஸ்தான் அன்று காலையில் ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, தலையாட்டும்படி வைத்திருந்தார்.

"அண்ணே," என்றார் சகலை, "காத்து என் மூஞ்சில அடிக்கும்போதெல்லாம் கோடு விழுதுண்ணே."

"அப்படியா! அப்போ மூஞ்சியைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய் வச்சுப் பாருங்க."

சகலை கோபமே இல்லாமல் எழுந்து, இயக்குனரம்மாவுக்கு டீ சொல்லிவிட்டு வரப் போனார். அந்த அம்மாவும் போன் பேச வாசலுக்குப் போனார்.

லென்ஸ் தனியாக நின்று பார்த்தார். ஃபேன் தலையைத் திருப்பி மெஷின் பக்கம் வந்தது. நீலம் வெளுத்தது. திரும்பிப் போனது. நீலம் தெளிந்தது. மறுபடி வந்தது, மறுபடி வெளுத்தது. துளி துணியில் உட்காருவதற்குள் காற்று அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. அவருக்குக் காதுமடல் சுட்டது. வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபேனை அணைத்தார். அதற்குப் பிறகு நீலம் தங்குதடையில்லாமல் இறங்கியது, வழித்து விட்டாற்போல.

டீயோடு வந்த சகலை திரையைப் பார்த்தார். நின்றுபோயிருந்த ஃபேனையும் பார்த்தார்.

"ஹெட்டு சூடேறினதும் தானா சரியாயிருச்சு," என்றார் லென்ஸ்.

"நல்லா வந்திருக்குண்ணே," என்றார் சகலை. டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

இதை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கப்போகிறான் என்று லென்ஸுக்கு ஒரே உறுதி. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதில்களைத் தயார் செய்துகொண்டே போனார். குத்தலாக நாலைந்து வைத்திருந்தார்.

"நாடகத் திரை நல்லா வந்துச்சாமே?" என்று மாமியார் கேட்டதும் சகலைதான் வாயைத் திறந்தார்.

"அண்ணன் இல்லேன்னா அவ்வளவுதான் அத்தை. ஃபேன் காத்துதான் காரணம்னு எப்படித்தான் கண்டுபிடிச்சாரோ! நானா இருந்தா அழுதிருப்பேன்."

லென்ஸ் அந்த முகத்தில் கேலியைத் தேடினார். இல்லை. மனுஷன் நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி பெருமையாக இவரைப் பார்த்தாள். தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

"காத்து மட்டும் இல்ல, ஈரமும்தான் காரணம்," என்று முணுமுணுத்தார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி ஆரம்பித்தாள். "அவர் உங்களை எவ்வளவு உசத்தியாப் பேசறார்! நீங்க என்னடான்னா…"

"ஒரு பொய்யைக்கூடத் தனக்கு லாபமாச் சொல்லத் தெரியல," என்றார் லென்ஸ். "இந்த ஆளையெல்லாம் வச்சுக்கிட்டு நான் எப்படித் தொழில் பண்றது?"